ஒரு ஜாண் முன்னால்

சிட்லபாக்கத்தில் கணக்கு வாத்தியார் வைத்தீஸ்வரன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு தெருவைக் காட்டுவார்கள். ரக்பி சார் வீடு என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வந்து கேட்டில் விட்டுவிட்டுப் போகும். இத்தனைக்கும் அந்த மனிதர் இந்த அறுபத்தோரு வயதுக்குள் ஒரு பந்தையும் ஒழுங்காகப் பிடித்தவர் இல்லை. ஒரே ஒருமுறை பிடிக்கப் போனார். மூக்குக் கண்ணாடிதான் உடைந்தது.

முப்பத்தொரு வருஷம் நாலு தனியார் பள்ளிகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். விஷயம் தெரிந்தவர்தான், ஆனால் குரல் கிடையாது. மூன்றாவது பெஞ்சைத் தாண்டுவதற்குள் அவர் பேச்சு மின்விசிறிச் சத்தத்தில் காணாமல் போய்விடும். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று நாற்பது முகங்கள் காத்திருந்த நாள் என்று ஒன்று அவர் உத்தியோகத்திலேயே கிடையாது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால், அங்கே மனைவி சந்திரிகா ஹாலில் இந்தி டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். "காலைல ரெண்டு மணி நேரம் காலாற நடந்துட்டு வாங்களேன். நீங்க குறுக்க நெடுக்க போனா பசங்களுக்கு கான்சன்ட்ரேஷன் போயிடறது" என்று வெளியே அனுப்பிவைத்தார்.

அப்படி நடக்கப் போன இடம்தான் சானடோரியம் பக்கத்து மைதானம். அங்கே இருபது பெண்கள் முட்டை வடிவத்தில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். பல்லாவரம் பாந்தர்ஸ் அணி. பயிற்சியாளர் பிரிட்டோ ஓரமாக உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? என்ன கணக்கு என்று கேட்டுவிட்டார்.

"அத்த ஏன் சார் கேக்கறீங்க? ஜெயிச்சா நாலு பாயிண்டு. பந்த எடுத்துகினு ஓடி, எதிர் டீம் கோட்டுக்கு அப்பால தரையில வெச்சா அது ட்ரை. ஒரே மேட்ச்ல நாலு ட்ரை வெச்சா எக்ஸ்ட்ரா ஒரு பாயிண்டு. தோத்தாலும் ஏழுக்குள்ள தோத்தா ஒரு பாயிண்டு. இத்த கூட்டிக் கழிக்கறதுக்குள்ள மண்ட காயுது சார்" என்றார் பிரிட்டோ.

வைத்தீஸ்வரன் கையிலிருந்த பால் பாக்கெட் உறையின் மேல் ஐந்தே நிமிடத்தில் கூட்டிக் கழித்துக் கொடுத்தார். மறுநாள் போனபோது இருபது பெண்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். அடுத்த ஆட்டத்தில் என்ன செய்தால் எத்தனையாவது இடம் என்று அவர் சொல்லச் சொல்ல, யாரும் இருமக்கூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சந்திரிகாவிடம், "நான் சொன்னதை எல்லாரும் கேட்டாங்க தெரியுமோ" என்றார். சந்திரிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

இது நடந்து நாலு வருஷம். அணியின் மெரூன் ஜெர்சியில் அவருக்கும் ஒன்று தைத்து, முதுகில் எண்ணுக்குப் பதிலாக 'சார்' என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு அவர் காய்கறி வாங்கக்கூடப் போவார்.

இந்த வருஷம் பாந்தர்ஸ் முதல் தடவையாகக் கோப்பைக்குக் கிட்டே வந்தது. புறநகர் மகளிர் லீக்கில் ஆறு அணிகள். கடைசி நாளான புரட்டாசிச் சனிக்கிழமை விடிந்தபோது, பாந்தர்ஸும் கூடுவாஞ்சேரி ஃபால்கன்ஸும் சமப் புள்ளியில் நின்றன. பாந்தர்ஸுக்கு சானடோரியம் மைதானத்தில் வேளச்சேரியோடு ஆட்டம். ஃபால்கன்ஸுக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் வேறோர் அணியோடு ஆட்டம். இரண்டும் மூன்றரை மணிக்கு.

கோப்பையை விடுங்கள், அது பித்தளை. உதயாவின் பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. உதயா அணியின் கேப்டன், இருபத்து நாலு வயது. திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பம்பு உதிரிகளின் பிசிறு தேய்க்கும் வேலை. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சித் துறைக்கு உதவியாளர் வேண்டும் என்றார்கள். சாம்பியன் அணியில் ஆடியதற்கான சான்றிதழோடு திங்கட்கிழமை நேரில் வரச்சொன்னார்கள். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவரே வைத்தீஸ்வரன்தான். பட்டறை மேஸ்திரி சனிக்கிழமை லீவு தர மாட்டேன் என்றதும், உதயா வெள்ளிக்கிழமை மாலையே அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதை வைத்தீஸ்வரனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"ஏம்மா இப்படி அவசரப்பட்டே? கப்பு வரலேன்னா என்ன பண்ணுவே?"

"நீங்கதான சார் கணக்கு போட்டு சொன்னீங்க? ஜெயிச்சு, நாலு ட்ரை வெச்சா கப்பு நம்புளுதுன்னு?"

சொன்னது வாஸ்தவம். வாரம் முழுக்கச் சொன்னார். இரண்டு அணிகளும் சமமாக முடித்தால் நேருக்கு நேர் ஆட்டத்தில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. ஆவணியில் பாந்தர்ஸ் ஃபால்கன்ஸை அடித்திருந்தது. ஆகவே ஒரு வெற்றி, நாலு ட்ரை, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மூடிக்கொண்டுதான் சொன்னார். ஆடி மாதமே லீக் செயலாளர் மெட்டில்டா இந்த வருஷத்து விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பதினோரு பக்கம். முதல் இரண்டு பக்கம் போன வருஷத்து மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கவே, வைத்தீஸ்வரன் ஒரு கட்டை விரலைப் பதிலாக அனுப்பிவிட்டு மூடிவிட்டார். 'கேள்வியை முழுவதும் படிக்கவும்' என்று முப்பத்தொரு வருஷம் சிவப்பு மையால் பிள்ளைகள் பேப்பரில் எழுதின கை அது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் கீழே இருக்கிறவர்கள் பாடு என்ன என்று யாரும் சொல்வதில்லை.

ஆட்டம் இழுபறியாகப் போனது. வேளச்சேரிப் பெண்கள் விடாக்கண்டர்கள். எழுபத்தாறாவது நிமிடத்தில்தான் பாந்தர்ஸ் நாலாவது ட்ரையை வைத்தது. இருபத்தாறுக்கு இருபத்து மூன்று. எண்பதாவது நிமிடத்தில் ஹூட்டர் ஒலித்தது. ஆனால் ரக்பியில் ஹூட்டர் அடித்ததும் ஆட்டம் முடிந்துவிடாது. பந்து கோட்டுக்கு வெளியே போகும்வரை ஆட வேண்டும். பந்து பாந்தர்ஸ் கையில், வேளச்சேரியின் கோட்டுக்கு ஐந்தே மீட்டர். முட்டிக்கொண்டு போனால் ஐந்தாவது ட்ரை கிடைக்கலாம். நடுவில் பந்து பறிபோனால் வேளச்சேரி அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடும், எல்லாம் போச்சு.

பிரிட்டோ ஓரக் கோட்டில் தலை தெறிக்க ஓடி வந்தார். "சார்! போதுமா? இன்னொன்னு வேணுமா?"

மைதானத்தில் உதயாவும் திரும்பி அவரைத்தான் பார்த்தாள். வைத்தீஸ்வரன் வாழ்க்கையில் அதுவரை கேட்டிராத ஒரு குரல் அவர் வயிற்றிலிருந்து வந்தது.

"போதும்! வெளியே அடி!"

உதயா பந்தை வெளியே உதைத்தாள். நடுவர் விசில் ஊதினார்.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. பல்லாவரத்திலிருந்து வந்திருந்த மேளக்காரர்கள் அடித்த அடியில் ஷாமியானா துணி அதிர்ந்தது. பெண்கள் சேறும் வேர்வையுமாகக் கட்டிப் புரண்டார்கள். யாரோ மஞ்சள் பொடியை வாரி இறைத்தார்கள். புரட்டாசி என்பதால் பிரியாணி கிடையாது, அதற்கும் சேர்த்து லட்டு வந்து இறங்கியது. வைத்தீஸ்வரன் ஆடினார். முட்டி வலிக்கு இரண்டு வருஷமாகத் தைலம் தேய்க்கிற மனிதர், துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு குத்தாட்டம் போட்டார். கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். இதைச் சந்திரிகாவே பிற்பாடு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஆடின மூச்சோடு மெட்டில்டாவின் மேஜைக்குப் போனார். சான்றிதழ்க் கட்டு அப்படியே இருந்தது, பேனா மூடி திறக்கவில்லை. "என்ன மேடம், எழுத ஆரம்பிக்கலாமே. முதல்ல உதயா பேரைப் போடுங்கோ."

"இருங்க சார், காட்டாங்குளத்தூர் மேட்ச் முடியட்டும். பெருங்களத்தூர்ல லாரி ஒண்ணு குறுக்க நின்னு, டீம் வந்து சேரவே அரை மணி நேரம் லேட்டு. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"அவங்க ஜெயிச்சாலும் சமம்தானே? நேருக்கு நேர்ல நாமதானே?"

மெட்டில்டா நிமிர்ந்து பார்த்தார். "அது போன வருஷம் சார். இந்த வருஷம் சமமா வந்தா, சீசன் முழுக்க யாரு நெறைய ட்ரை வெச்சாங்களோ அவங்களுக்கு. அதுவும் சமமானாதான் நேருக்கு நேர். எட்டாம் பக்கத்துல இருக்கு. உங்களுக்கு அனுப்பினேனே, தம்ஸ் அப் போட்டீங்களே?"

வைத்தீஸ்வரனுக்கு வாயிலிருந்த லட்டு இறங்கவில்லை. "இப்ப யாருக்கு எத்தனை மேடம்?"

"உங்களுக்கு முப்பத்தொண்ணு. அவங்களுக்கு இருபத்தொம்பது. இன்னும் மூணு வெச்சாங்கன்னா கப்பு அவங்களுது."

ஐந்து மீட்டர். பந்து கையில் இருந்தது. போதும் என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் தடியை எடுத்து, குறி பார்த்து, சத்தம் போட்டு உடைத்திருக்கிறார்.

திரும்பிப் பார்த்தார். உதயா அம்மாவுக்குப் போன் போட்டு, "ஜெயிச்சிட்டோம்மா, திங்கக்கெழமைக்கு அந்த நீலப் பொடவைய அயன் பண்ணி வெய்யி" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பிரிட்டோவிடமாவது சொல்லியிருக்க வேண்டும். கால் எழவில்லை. இருபத்தைந்து நிமிடம்தானே, ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போய்விட்டால் யாருக்கும் தெரியவே வேண்டாமே என்று மனசு ஓர் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

காட்டாங்குளத்தூரில் அவருக்கு ஓர் ஆள் இருந்தான். பழைய மாணவன் பத்ரி. கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், அங்கே நடக்கிற ஆட்டங்களை எல்லாம் தவறாமல் பார்க்கிறவன். வைத்தீஸ்வரன் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அவனை அழைத்தார்.

"பத்ரி, ஒண்ணு விடாம சொல்லு. போனை வைக்காதே."

"சரி சார். ஃபால்கன்ஸ்தான் லீடு. செம ஆட்டம் ஆடறாங்க."

அதற்குள் நாலு பெண்கள் வந்து அவரை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். "சார்! சார்!" என்று மேளத்தின் தாளத்துக்குக் கத்தினார்கள். தோளுக்கு மேல் ஒரு சாமி மாதிரி அவர் ஊர்வலம் போனார். ஒரு காதில் மேளம், இன்னொரு காதில் பத்ரி.

"சார், ட்ரை! நடு போஸ்டுக்கு அடியில வெச்சாங்க!"

முப்பது. கீழே இருந்து ஒருத்தி லட்டை எக்கி அவர் வாயில் திணித்தாள். அவர் மென்றார். சிரிக்கச் சொன்னார்கள், போட்டோவுக்குச் சிரித்தார். இறக்கிவிட்டதும் ஷாமியானா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெருமாளே, புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாக என்னை இப்படிக் கொல்லாதே என்று வேண்டிக்கொண்டார். திருநீறு பூசுகிற குடும்பம், ஆனால் அந்த நேரத்தில் எந்தச் சாமி கைகொடுத்தாலும் சரி என்றிருந்தது.

"சார், இன்னொண்ணு! கார்னர்ல! அந்த எட்டாம் நம்பர் பொண்ணு ஸ்நேகா சார், காட்டு மாடு மாதிரி வரா. யாராலயும் புடிக்க முடியல."

முப்பத்தொன்று. சமம். இன்னும் ஒன்று வைத்தால் முடிந்தது.

உதயா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் மஞ்சள். "இன்னா சார், ஓரமா நின்னுகினு யார்கூட பேசறீங்க? வாங்க, ஒரு ஸ்டெப்பு போடுங்க."

"வரேம்மா. நீ போ. ஒரு போன்."

"வூட்லயா? அம்மாகிட்ட நான் பேசட்டா?"

"போன்னு சொல்றேன் இல்ல!" என்று எரிந்து விழுந்துவிட்டார். உதயா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு, சாருக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றுகிறது போல என்று நினைத்தவளாகச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

"சார், ஹூட்டர் அடிச்சாச்சு. ஆனா பந்து ஃபால்கன்ஸ்கிட்ட இருக்கு. கோட்டுக்கு மூணு மீட்டர் சார். விட மாட்டேன்றாங்க. முட்டுறாங்க. மறுபடியும் முட்டுறாங்க."

"வெளியே அடிக்க மாட்டாங்களா?"

"ஏன் சார் அடிக்கணும்? அவங்களுக்கு இன்னொரு ட்ரை வேணும்னு அவங்க கோச் கத்தறாரு. ஸ்நேகா எடுத்துட்டா. ஓடறா. ரெண்டு பேர் மேல தொங்கறாங்க, இழுத்துட்டே போறா. சார், வெச்சுட்டா! சார்... இருங்க. இருங்க சார்."

வைத்தீஸ்வரன் கம்பைக் கட்டிக்கொண்டார். மேளச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது.

"என்னடா? ட்ரையா?"

"மேல நாலஞ்சு பேர் விழுந்துட்டாங்க சார். ரெஃபரி அந்தப் பக்கம் இருந்தாரு. விசில் அடிச்சிட்டாரு. அந்தப் பொண்ணு எழுந்திருக்கல சார்."

"ட்ரை குடுத்தாரா இல்லையா?"

"கழுத்தைப் புடிச்சுட்டு கத்தறா சார். ஸ்ட்ரெச்சர் கொண்டாராங்க."

"பந்து எங்க பத்ரி? பந்து எங்க இருக்கு?"

"பந்து உருண்டு எங்கயோ போயிடுச்சு சார். ட்ரை குடுக்கல. கையைக் குறுக்க ஆட்டறாரு. மேட்ச் ஓவர்னு சொல்லிட்டாரு. ஆம்புலன்ஸ் உள்ள வருது சார்."

"நல்லவேளை!" என்றார் வைத்தீஸ்வரன்.

சத்தமாகத்தான் சொன்னார். மறுமுனையில் பத்ரி, "நான் ஆம்புலன்ஸ் பின்னாடி போறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தான்.

வைத்தீஸ்வரனுக்கு அது உறைக்கவில்லை. பாரம் இறங்கிய கழுதைக்குக் கண் தெரியுமா? துண்டை உருவிக்கொண்டு மேளத்துக்கு நடுவே பாய்ந்தார். இதற்குமுன் ஆடியது ஓர் ஆட்டமா என்னும்படி ஆடினார். உதயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுதும்மா! இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது! அந்த எட்டாம் நம்பர் விழுந்துடுத்து, ஆம்புலன்ஸ்ல கொண்டு போறா!" என்றார்.

உதயாவின் கை அவர் கையிலிருந்து நழுவியது. "எட்டாம் நம்பரா? ஸ்நேகாவா சார்?"

"ஆமாம், அவதான்."

"எங்க அடி?"

"கழுத்துல" என்றார். அந்தச் சொல்லைத் தன் காதால் கேட்ட பிறகுதான், தான் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

ஆறு அணி லீக்கில் எல்லோரும் எல்லோருக்கும் பழக்கம். போன கோடையில் மாவட்டத் தேர்வு முகாமில் ஸ்நேகாவும் உதயாவும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். உதயா பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "சாவி குடுங்க சார்" என்று அவருடைய ஸ்கூட்டரை எடுத்தாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கிளம்பும்போது மெட்டில்டா ஓடி வந்து, "சமப் பாயிண்டுன்னா இந்த வருஷம் ட்ரை கணக்குதான். அந்தக் கடைசி ட்ரை பத்தி ஃபால்கன்ஸ் ஏதாவது ஆட்சேபம் சொல்லணும்னா ஏழு மணி வரைக்கும் டைம் இருக்கு. பார்த்த சாட்சியோட சொல்லணும். ஏழு மணிக்கு மேலதான் நான் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடுவேன்" என்றார். உதயா அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

வண்டலூர் தாண்டியதும் திரும்பாமலே கேட்டாள். "அப்போ நாம இன்னொன்னு வெச்சிருக்கணுமா சார்?"

"ஆமாம்மா. நான்தான் படிக்கலை."

அவள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவருக்கு, என்னைத் திட்டிவிடேன் என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. அவள் திட்டவில்லை.

பத்ரி போனில் இடம் சொல்லியிருந்தான், ஜி.எஸ்.டி. சாலையோரத்து ஆஸ்பத்திரி. ஆறு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலிலேயே பத்ரி நின்றிருந்தான். "கை கால் அசையுது சார். ஸ்கேன் எடுக்கப் போறாங்க. பயப்பட வேணாம்னு டாக்டர் சொல்றாரு, ஆனா முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், அவ வெச்சா. நான் அந்தக் கோட்டுக்கு நேரா நின்னேன். ரெண்டு கையாலயும் அழுத்தி வெச்சா. அவங்க டீம்காரங்க அந்தப் பக்கம் இருந்ததால யாரும் பார்க்கல. நான் பார்த்தேன்" என்றான்.

வைத்தீஸ்வரன் அவனைத் தாண்டி நடந்தார்.

உள்ளே, கழுத்தில் கனமான பட்டையோடு ஸ்நேகா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இருபது வயது. கன்னத்தில் புல் ஒட்டியிருந்தது. அவளுடைய அணிப் பெண்கள் வெளியே அழுதுகொண்டிருந்தார்கள், அம்மா செங்கல்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். தலையைத் திருப்ப முடியாததால் கண்ணை மட்டும் உருட்டி, யார் வந்திருப்பது என்று பார்த்தாள். மெரூன் ஜெர்சியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரக்பி சாரா? நல்லவேளை வந்தீங்க சார்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க டீம்ல ஒருத்திக்கும் ரூல்ஸ் தெரியாது சார். கோச்சுக்கும் ஒழுங்கா தெரியாது. உங்களைத்தான் கேக்கணும்னு நினைச்சுட்டே வந்தேன். நான் வெச்சேன் சார். புல்லு விரல்ல குத்துச்சு. ரெஃபரி குடுக்கலன்னு சொல்றாங்க. அப்பீல் பண்ண முடியுமா சார்? பத்ரி அண்ணா அங்கதான் நின்னாரு. கேட்டா, சார் வரட்டும்னு சொல்லிட்டாரு. நீங்களே சொல்லுங்க. அது ட்ரையா இல்லையா?"

கட்டிலின் அந்தப் பக்கம் உதயா நின்றிருந்தாள். அவளுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை, பட்டறை இல்லை, அம்மா தேய்த்து வைத்திருக்கிற நீலப் புடவை மட்டும் இருந்தது. அவள் கண் அவர் மேல் இருந்தது. சொல்லுங்கள் என்கிறதா, சொல்லாதீர்கள் என்கிறதா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவோரமாகப் பத்ரி. அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். பிளஸ் டூவில் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்ட பிள்ளைகளில் அவன் ஒருவன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு முப்பத்து நாலு.

மூன்று பேர், அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

"இல்லம்மா" என்றார் வைத்தீஸ்வரன். "கோட்டுக்கு ஒரு ஜாண் முன்னாலயே விழுந்துட்டே. விழுந்த வேகத்துல உனக்குத் தெரியலை. பத்ரி பார்த்திருக்கான்."

பத்ரி தரையைப் பார்த்தான்.

ஸ்நேகா கூரையைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து பட்டைக்குள் இறங்கியது. "ஒரு ஜாண்தானா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். நான் சும்மா எல்லாரையும் குழப்பிட்டேன்" என்றாள். பிறகு போர்வைக்கு மேல் கையை மெதுவாக நகர்த்தி நீட்டினாள். "உதயாக்கா, கங்கிராட்ஸ்கா."

உதயா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. ஸ்கேனுக்கு அழைத்துப்போக ஆள் வந்த பிறகுதான் விட்டாள்.

வெளியே வந்தபோது பத்ரி பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். வைத்தீஸ்வரன், "பத்ரி, அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுத்துடா, அதனாலதான்" என்று ஆரம்பித்தார். பத்ரி தலையை ஆட்டினான். சரி என்று ஆட்டினானா, வேண்டாம் என்று ஆட்டினானா தெரியவில்லை. எப்போதும் சொல்கிற 'வரேன் சார்' அன்றைக்கு வரவில்லை.

ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு மெட்டில்டாவிடமிருந்து செய்தி வந்தது. ஆட்சேபம் இல்லை, பாந்தர்ஸ் சாம்பியன், சான்றிதழ்களில் கையெழுத்து ஆயிற்று, நாளை காலை வாங்கிக்கொள்ளலாம். வைத்தீஸ்வரன் போனை உதயாவிடம் நீட்டினார். அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், நெஜமாவே ஒரு ஜாணா?"

"ஆமாம்" என்றார்.

உதயா அப்படியே அவர் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். மஞ்சள் பொடி அப்பின ஜெர்சியோடு, ஆஸ்பத்திரி வாசலில், சாம்பியன்கள் இரண்டு பேரும் நின்று தேம்பினார்கள். மேலே வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்து சனங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

வாசல் காவலாளிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தீஸ்வரன் கையில் கொடுத்தார்.

"அழாதீங்க சார். மனச தேத்திக்கோங்க. உள்ள யாரு, உங்க பொண்ணா?"

வைத்தீஸ்வரன் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.